கத்தினால் கிடைக்காது

ஞாயிற்றுக்கிழமையாவது வீடு கொஞ்சம் சும்மா இருக்கும் என்று கம்ஷத் நினைத்திருந்தாள். நினைப்புதானே பிழைப்பைக் கெடுக்கிறது!

தேநீர் கொதிப்பதற்குள் இன்கார் ஆரம்பித்துவிட்டாள். ஐந்து வயதுக் குழந்தையின் தொண்டைக்குள் இத்தனை பெரிய சத்தம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அல்மாத்தி நகரத்து அந்தக் கட்டடத்தில் கேட்காத ஆள் கிடையாது. வீல் என்று ஓர் அலறல். அப்புறம் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வது. அப்புறம் மறுபடி அலறல்.

எல்லாம் அலமாரி மேல் இருக்கும் கைப்பேசிக்காக. அதில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுகிற படம் பார்க்க வேண்டும். பாட்டு வேண்டாம், பொம்மை வேண்டாம், இயந்திரம் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இன்காருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவள் கத்தினால் வீடே பதறிப்போய், கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் கொண்டுவந்து மடியில் கொட்டும். போன குளிர்காலத் தொடக்கம் வரை அப்படித்தான் நடந்தது. பிறகுதான் பயிற்சி கொடுக்க வேரா வந்தாள். கொரிய வம்சத்துப் பெண், சன்னமான குரல், மூஞ்சிக்கு நேரே பேசுகிற வாய்.

"நீங்க கத்தலுக்குத் தீனி போட்டு வளர்த்திருக்கீங்க. இனிமே கைக்குப் போடுங்க" என்றாள் வேரா. உள்ளங்கையை விரித்து நீட்டினால் 'தா' என்று அர்த்தம். நீட்டிய அந்த நொடியே கேட்டது கிடைக்கும், கூடவே கொஞ்சலும் கிடைக்கும். கத்தினால் கிடைக்காது. திட்டும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது, பதறுகிற முகம்கூடக் கிடையாது. கடிக்கிற மணிக்கட்டில் மட்டும் தடித்த கம்பளிப் பட்டையைக் கட்டிவிட்டு, சுவர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"முதல்ல இன்னும் மோசமாகும். அணையப்போற விளக்கு பிரகாசமா எரியும்ல, அது மாதிரி. அந்த நேரம் பார்த்து யாராவது மனசு இரங்கிக் குடுத்துட்டீங்க, போச்சு!" என்றும் எச்சரித்திருந்தாள்.

மோசமானது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார்கள். பனி உருகுவதற்கு முன்பே இன்கார் கையை நீட்டக் கற்றிருந்தாள். மழலையர் பள்ளியில்கூடச் சேர்த்துக்கொண்டார்கள். கம்ஷத் மறுபடி மருந்துக் கடை வேலைக்குப் போனாள். அப்பாடா என்று மூச்சு விட்டது அந்தக் கொஞ்ச நாள்தான்.

இப்போது எல்லாம் தலைகீழ். பள்ளியில் மறுபடி கத்தல், முன்னைவிட இரட்டிப்பாக. வெள்ளிக்கிழமை ஆசிரியையின் கையைக் கடித்துவிட்டாள். நேற்று பள்ளித் தலைவியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "நாளன்னைக்கு நானே வகுப்புல வந்து உக்காந்து பார்க்கறேன். இப்படியேதான்னா, வீட்டுல வெச்சுக்கோங்கம்மா."

வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் கம்ஷத்தின் வேலை போகும். போனால் போகட்டும். இன்காரை வேறு எந்தப் பள்ளி வா என்று கூப்பிடப்போகிறது? நாலு சுவருக்குள், அந்தச் சுற்றுகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வளர வேண்டியதுதான்.

"எங்கேயோ யாரோ குடுக்கறாங்க, கம்ஷத்" என்று நேற்றிரவு தொலைபேசியில் வேரா சொல்லியிருந்தாள். "குழந்தை பொய் சொல்லாது. பலனில்லாத கத்தலுக்கு இவ்வளவு தெம்பு வராது. யாருன்னு கண்டுபிடிங்க."

அந்த 'யாரோ' இப்போது பால்கனியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதில் கம்ஷத்துக்குச் சந்தேகமே இல்லை.

அவள் அசையாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். காது கொய் என்றது. இன்கார் உருண்டாள், உதைத்தாள், கம்பளிப் பட்டையைக் கடித்தாள். பிறகு சத்தம் மெல்லத் தேய்ந்தது. விசும்பல். இன்னொரு விசும்பல். அப்புறம் ஒரு சின்னக் கை, ஈரமாக, விரிந்து நீண்டது.

"சபாஷ்டி என் தங்கமே!" கம்ஷத் பாய்ந்து எழுந்து கைப்பேசியை அந்த உள்ளங்கையில் வைத்தாள். நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வீட்டில் இன்னும் மறக்கவில்லை. அப்படியானால் கெடுப்பது எங்கே?

பால்கனிக் கதவு திறந்தது. அவள் புருஷன் தௌலெத் தலையை மட்டும் நீட்டினான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. மகாராஜா இப்ப உள்ள வரலாம்."

"காலங்காத்தால ஏன்டி இப்படி?"

"நான் ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. நீதானே குடுக்கறே?"

"என்னத்த?"

"போனைத்தான். சனிக்கிழமை நான் கடைக்குப் போயிடறேன். நீயும் அவளும்தான் வீட்டுல. அவ கத்த ஆரம்பிச்சதும் தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா மேட்ச் பாக்கறே. அதானே?"

"நான் குடுக்கல."

"அப்புறம் யாரு குடுக்கறா, ஜின் பூதமா?"

"கம்ஷத், நான் குடுக்கலன்னு சொல்றேன்."

"அவ கத்தினா பால்கனிக்கு ஓடற ஆளுதானே நீ! உனக்கு எங்க தாங்கும்? உங்க வம்சத்துக்கே முதுகெலும்புன்னு ஒண்ணு வெச்சுப் படைக்கல."

சொன்ன பிறகுதான் அது கொஞ்சம் அதிகப்படி என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் நாக்கு ஒரு தடவை புறப்பட்டால் திரும்பி வருகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை.

தௌலெத் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை. "உங்க அண்ணன் வீட்டு விருந்துக்கு நீயே போயிட்டு வா. நான் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நல்ல நாளும் அதுவுமாக! அண்ணன் ஓராஸ் ஆட்டுத் தலை வேகவைத்து அழைத்திருக்கிறான். மாப்பிள்ளைக்கென்று அண்ணி ராபிகா நெஞ்சுக்கறியைத் தனியாக எடுத்து வைத்திருப்பாள். மாப்பிள்ளை இல்லாமல் அந்தத் தட்டு மேஜைக்கு வந்தால் அந்தக் கறியை ஊரே சேர்ந்து மெல்லும், அடுத்த புத்தாண்டு வரைக்கும்.

* * *

ஓராஸ் வந்தபோது மணி பதினொன்று இருக்கும். கம்ஷத்தின் ஒரே அண்ணன், டாக்சி ஓட்டுகிறவன். மழலையர் பள்ளி வழியாகத்தான் தினமும் போகிறான் என்பதால், மாலையில் இன்காரைக் கூட்டிவந்து வீட்டில் விடுவதும் அவன்தான். யாரும் கேட்கவில்லை. "என் மருமகள நான் கூட்டிட்டு வராம வேற எவன் கூட்டிட்டு வருவான்?" என்று அவனாகவே ஏற்றுக்கொண்ட வேலை.

"எங்கடி என் ராணி? இன்னிக்கு ஆட்டுக் காது என் மருமகளுக்குத்தான். காதைத் தின்னா சொன்ன பேச்சு கேப்பா, பாரு!" என்று வாசலிலேயே முழங்கினான்.

"கேக்கட்டும், கேக்கட்டும். டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

"மாப்பிள்ளை எங்க?"

"அவருக்குத் தலைவலி."

"தலைவலிக்குத் தலைக்கறி நல்லதுடி!"

அவனே சிரித்துக்கொண்டான். நின்றபடியே, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, கடகடவென்று குடித்துவிட்டுக் கீழே வைத்தான். இன்னொரு கிண்ணம் வேண்டாம் என்றான். ஒரே கிண்ணத்தோடு எழுந்திருக்கிற ஆளா ஓராஸ்? வேறு நாளாக இருந்தால் கம்ஷத் கவனித்திருப்பாள். இன்றைக்கு அவள் கண் பூராவும் பால்கனிக் கதவில் இருந்தது.

கீழே முற்றத்தில் பாப்ளர் மரத்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் இன்காரின் நாற்காலியும் பக்கத்தில் அண்ணிக்கென்று பொரித்த பவுர்சாக் மாவுருண்டைத் தட்டும் ஏறின. கம்ஷத் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

இன்காரின் வார் 'கிளிக்' என்று பூட்டியதுதான் தாமதம்.

வீல்!

வலியோ பசியோ என்று யோசிக்கவே இடம் வைக்காத அலறல். அக்கம்பக்கம் பார்க்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, கையை நீட்டுகிற எண்ணமே இல்லை. கடை திறந்ததும் நேரே போய்ச் சாமான் கேட்பதுபோல எடுத்த எடுப்பில் கத்தினாள். கத்திக்கொண்டே முன்னால் ஓர் இடத்தை உற்றுப் பார்த்தாள். கம்ஷத் அந்தப் பார்வை போகும் திசையில் பார்த்தாள். தன் முழங்காலுக்கு எதிரே இருந்த டேஷ்போர்டுப் பெட்டி.

அதே நேரத்தில் ஓராஸின் வலது கை தானாக எழுந்து அந்தப் பெட்டியை நோக்கி வந்தது. தினம் போகிற வழி தெரிந்த கை. பாதி தூரத்தில் தங்கையின் ஞாபகம் வந்து, கியரைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணா, இதுல என்ன இருக்கு?"

"அதுலயா? ஒண்ணுமில்ல. வண்டிக் காகிதம்."

கம்ஷத் திறந்தாள். மூலை உடைந்த பழைய கைப்பேசி ஒன்று இருந்தது. தட்டியதும் படம் ஓடியது. துணி துவைக்கும் இயந்திரம். நீல நிறத் துண்டு, வெள்ளைச் சட்டை, மறுபடி நீல நிறத் துண்டு. அந்தத் துண்டை அவளுக்குத் தெரியும், அண்ணிக்கு அவளே வாங்கிக் கொடுத்தது. இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில் ஓர் ஆள் மங்கலாகத் தெரிந்தான். பனியன் போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி ஓராஸ்!

அவ்வளவு பெரிய ஆம்பிளை, மருமகளுக்காகச் சமையலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து இயந்திரத்தில் துணி சுற்றுவதைப் படம் எடுத்திருக்கிறான். கம்ஷத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் ஜெயித்தது கோபம்.

கைப்பேசியை உள்ளே போட்டுப் பெட்டியைச் சாத்தி, முழங்காலால் அழுத்திக்கொண்டாள்.

"வண்டிய எடுக்காதே."

"என்னது?" கத்தலில் காதே கேட்கவில்லை.

"எடுக்காதேங்கறேன்! இங்கேயே உக்காந்திருக்கோம்."

"ஓய்பாய், பிள்ளை கத்துதுடி!"

"கத்தட்டும். எப்போலேருந்து குடுக்கறே?"

"என்ன எப்போலேருந்து? எப்பவாவது..."

"அண்ணா!"

ஓராஸ் பின்கண்ணாடியில் மருமகளைப் பார்த்தான். நெற்றி வேர்த்திருந்தது. "பனி இருந்தப்பவே" என்றான்.

"வேரா எல்லாரையும் உக்கார வெச்சு சொன்னப்ப நீயும் இருந்தியே. மண்டைய மண்டைய ஆட்டினியே!"

"நானும் முயற்சி பண்ணாம இல்ல. உடனே குடுக்க மாட்டேன்டி. பழைய பஸ் நிலையம் வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டுத் தாங்குவேன். அதுக்கு மேல அவ கத்தறதப் பாத்தா உயிரே போற மாதிரி இருக்கும். அப்பத்தான் குடுப்பேன்."

கம்ஷத் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி அண்ணா! உடனே குடுத்திருந்தாக்கூடப் பரவாயில்லையே! கொஞ்சமா கத்தினா கிடைக்காது, உயிர் போற மாதிரி கத்தினாத்தான் கிடைக்கும்னு தினம் பாடம் நடத்தியிருக்கே. அவ அந்தப் பாடத்தப் படிச்சு, பள்ளிக்கூடத்துல போய் ஒப்பிக்கறா. நாளைக்கு அவளை வெளிய அனுப்பப் போறாங்க, தெரியுமா உனக்கு?"

ஓராஸுக்குத் தெரியாது. முகம் செத்துப் போயிற்று.

இவள் காலையில் புருஷனைப் பேசிய பேச்செல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. முதுகெலும்பு, வம்சம், ஜின். கம்ஷத் கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்னால் கத்தல் ஏறிக்கொண்டே போனது. வழக்கமாகக் கிடைக்கிற இடத்தில் கிடைக்கவில்லை அல்லவா, இன்கார் இருக்கிற சரக்கையெல்லாம் இறக்கினாள். காலால் முன்சீட்டை உதைத்தாள். பவுர்சாக் உருண்டைகள் நாலா பக்கமும் ஓடின. கம்பளிப் பட்டை மேலே வீட்டிலேயே கிடந்தது. குழந்தை வெறும் மணிக்கட்டைக் கடிக்கப் போனாள். கம்ஷத் திரும்பிக் குனிந்து, தன் தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையில் சுற்றிவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"குடுத்துடேன்டி! இந்த ஒரு தடவை!"

"இந்த ஒரு தடவைதான் கூடாது."

"உனக்குக் கல்லு மனசு."

"ஆமா. அதுல கொஞ்சம் உனக்கும் வேணும்னா தரேன்."

முற்றத்துப் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த தமாரா எழுந்து வந்து பாதி இறக்கியிருந்த சன்னலைத் தட்டினாள். எதிர்க் கட்டடத்துக்காரி. ஊர் நியாயம் எல்லாம் அவள் வாயில்தான். "பெத்தவளா நீ? குழந்தை தொண்டை கிழியுது, நீ கல்லுப் பொம்மையாட்டம் உக்காந்திருக்கே! இந்தாம்மா, ஒரு மிட்டாய் குடு" என்று உள்ளே கையை நீட்டினாள்.

கம்ஷத் தடுப்பதற்குள் வெளியிலிருந்து இன்னொரு கை வந்து அந்த மிட்டாயை வாங்கிக்கொண்டது. தௌலெத்! காகிதத்தைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"ரொம்ப நன்றி அக்கா. நல்லா இருக்கு" என்றான் தமாராவிடம். பிறகு பின்கதவைத் திறந்து, பவுர்சாக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். கையோடு கம்பளிப் பட்டையைக் கொண்டுவந்திருந்தான். பேசாமல் கட்டிவிட்டான். அவனும் சுவரானான்.

தமாரா வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். பெஞ்சில் இன்னும் ஒரு வாரத்துக்கு அவளுக்குப் பேச்சு இருக்கிறது.

கம்ஷத் திரும்பாமலே சொன்னாள்: "தௌலெத், நான் தப்பாப் பேசிட்டேன்."

"மேலேருந்து பாத்தேன்."

"குடுத்தது நீயில்ல."

"அதான் காலையிலயே சொன்னேனே. நான் பால்கனிக்குப் போறது எதுக்குன்னு நினைச்சே? உள்ள இருந்தா குடுத்துடுவேன். அதுக்குத்தான் கதவைச் சாத்திக்கறேன்."

இத்தனை நாளாக அந்தக் கதவை அவள் திட்டாத திட்டில்லை.

ஓராஸின் கைப்பேசியில் அண்ணியின் அழைப்பு வந்தது. ஓராஸ் எடுக்கவில்லை. கத்தல் ஓயாத வண்டிக்குள், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: "நான் பாசத்துல மட்டும் குடுக்கல, கம்ஷத்."

"பின்ன?"

"ஒரு நாள் ரோடெல்லாம் ஐஸ். வண்டி வழுக்குது. இவ வாரிலேருந்து நழுவி, பின்னாலேருந்து எட்டி என் கையைக் கடிச்சிட்டா. நான்..." அவன் எச்சில் விழுங்கினான். "நான் அவ கையில ஒரு அடி வெச்சிட்டேன்."

பின்சீட்டில் தௌலெத் மிட்டாய் மெல்லுவதை நிறுத்தினான்.

தங்கை பெற்ற பிள்ளை மேல் கை ஓங்கலாமா? அடித்தவன் கை நடுங்கும் என்று அவர்கள் பக்கத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தங்கை பிள்ளை கேட்டதை இல்லை என்று சொன்னாலே மாமன் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இவன் அடித்தே விட்டான்.

"கொஞ்ச நாள்லயே கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு" என்றான் ஓராஸ். "டீக் கிண்ணம் பிடிச்சா ஆடுது. யார்கிட்டயும் சொல்லல. ராபிகாகிட்டகூட. அப்புறம்தான் முடிவு பண்ணேன், இந்தப் பிள்ளை இனிமே என்கிட்ட எது கேட்டாலும் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு. அவ மனசு குளிர்ந்தா என் கை சரியாயிடும்."

"சரியாச்சா?"

"போனைக் குடுத்து அவ அடங்கினதும், நின்ன மாதிரி இருக்கும்."

"அவ கத்தறத நிறுத்தினதும் உனக்கு அப்பாடான்னு இருக்கும். அதான் உனக்குக் கிடைக்கற மிட்டாய்" என்றாள் கம்ஷத். "நீ அவளப் பழக்கலண்ணா. அவதான் உன்னப் பழக்கியிருக்கா. ஆட்டுக் காதை உனக்குத்தான் குடுக்கணும்."

திட்டாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் திட்டாக வரவில்லை.

அப்போதுதான் வண்டிக்குள் என்னவோ குறைவதை மூவரும் உணர்ந்தார்கள். கத்தல் விசும்பலாகியிருந்தது. விசும்பல் நின்றது. மறுபடி ஒரு சின்னக் கத்தல், பாதி மனசோடு, சும்மா போட்டுப் பார்ப்பதுபோல. ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கம்பளிப் பட்டை கட்டிய கை, இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவே வந்தது. அம்மாவிடம் வரவில்லை. மாமனிடம் வந்தது. விரல்கள் விரிந்தன.

"இப்பக் குடு!" கம்ஷத் பெட்டியைத் திறந்து கைப்பேசியை அண்ணன் கையில் திணித்தாள். "உடனே! உடனே!"

ஓராஸ் நீட்டினான். அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தான். "என் ராணி, என் கண்ணு, எப்படிக் கேக்கறா பாரு!" என்று குரல் உடைந்து கொஞ்சினான். இன்கார் வாங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். நீல நிறத் துண்டு சுற்ற ஆரம்பித்தது. தௌலெத் மகளின் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, அழுகையை மறைக்க ஒரு பவுர்சாக்கை வாயில் போட்டுக்கொண்டான்.

வண்டியில் கத்தினால் கிடைக்கும் என்பது போயிற்று. வண்டியில் கை நீட்டினால் பள்ளியிலும் நீட்டுவாள். நாளைக்கே நடக்குமா என்று சொல்ல முடியாது, ஆனால் நடக்கும். பனி உருகிய பிறகு முதல் தடவையாகக் கம்ஷத்துக்கு நம்பிக்கை வந்தது. சந்தோஷத்தில் அண்ணன் தோளைத் தட்டத் திரும்பினாள்.

ஓராஸ் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் தொடை மேல் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பக்கத்து விரல் மேல், மாத்திரை உருட்டுவதுபோல, விடாமல் உருண்டுகொண்டிருந்தது.

"அவ அழலையே" என்றான். "கேட்டதும் குடுத்துட்டேனே. அப்புறம் ஏன் நிக்கல?"

சாபத்தைப் பற்றிக் கம்ஷத்துக்கு அதிகம் தெரியாது. மருந்துக் கடைக் கவுண்டரில் நின்றவளுக்கு இந்தக் கையைத் தெரியும். இப்படி நடுங்குகிற கையைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சீட்டை நீட்டுகிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு எந்த அலமாரியிலிருந்து மருந்து எடுப்பது என்றும் தெரியும். அந்த நரம்பு வியாதியின் பெயரை மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்க அவள் பயந்தாள். வேறு ஏதாவதாக இருக்கட்டும், ஆண்டவனே.

இந்தக் கையோடு தினமும் ஊரெல்லாம் வண்டி ஓட்டியிருக்கிறான். இன்காரைப் பின்னால் வைத்துக்கொண்டும் ஓட்டியிருக்கிறான்.

"அண்ணா, நாளைக்கு நாம டாக்டர்கிட்ட போறோம்."

"எதுக்கு? இது வைத்தியத்துல போற விஷயமில்ல."

"போறோம். இப்ப வண்டிய நான் ஓட்டறேன்."

"நீயா?"

"நான்தான். லைசென்ஸ் எனக்கும் இருக்கு."

ஓராஸின் முகம் சிவந்தது. "என் வண்டிய நீ ஓட்டறதா? மீசை முளைச்ச நாள்லேருந்து ஓட்டறேன்டி நான்! இது என் சோறு! கை கொஞ்சம் ஆடினா ஓட்டத் தெரியாமப் போயிடுமா? மாப்பிள்ளை, கேட்டீங்களா உங்க பொண்டாட்டி பேசறத!" ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினான். ஹாரன் முற்றமெல்லாம் அலறியது. பெஞ்சில் தமாரா எழுந்தே நின்றுவிட்டாள்.

இன்கார் ஒரு கணம் தலை நிமிர்ந்து மாமனைப் பார்த்துவிட்டு, மறுபடி இயந்திரத்துக்குத் திரும்பினாள்.

கம்ஷத் அண்ணனோடு சண்டை போடவில்லை. கெஞ்சவும் இல்லை. கண்ணில் முட்டிய நீரை அவனுக்குக் காட்டாமல், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பாப்ளர் பஞ்சைப் பார்த்தபடி, உள்ளங்கையை விரித்து அவன் முன்னால் நீட்டினாள். சாவிக்காக.

அவன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான். அவள் கையை எடுக்கவில்லை.